பத்து மணிக்கு ஊர்ல யாரு இருப்பா?

இந்த எபிசோட்ல பள்ளிக்கூடப் பசங்க செய்யற சமூக சேவையைப் பத்திப் பேசப்போறேன். "அதுல பேச என்ன இருக்கு? மரம் நடுவாங்க, பேரணி போவாங்க, போட்டோ எடுப்பாங்க"ன்னு நீங்க நினைக்கலாம். நானும் அந்த மாதிரி போட்டோவுல மூணாவது வரிசையில நின்னவன்தான். ஆனா பதினாறு வயசுல ஒருத்தர் காட்டற கரிசனம், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால இருக்கற இன்னொரு பதினாறு வயசுக்காரரோட வீட்டு அடுப்பு வரைக்கும் போகும். அப்படிப் போன ஒரு கதை எங்க ஊர்ப் பக்கம் நடந்திருக்கு. எங்க ஊர்ப் பக்கம்னா விருதுநகர் மாவட்டம். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை, திருத்தங்கல். கரிசல் காடும் பட்டாசு ஆலையும்.

கதை ஆரம்பிக்கறது தில்லியில. 1990களோட பின்பாதியில, அங்கே வேற வேற பள்ளிக்கூடங்கள்ல படிச்ச பசங்க தீபாவளிக்குப் பட்டாசு வாங்க மாட்டோம்னு உறுதிமொழி எடுக்க ஆரம்பிச்சாங்க. தெருமுனை நாடகம், பேரணி, கையால எழுதின அட்டைகள். பின்னாடி தில்லி அரசே பள்ளிகள்ல இருக்கற சுற்றுச்சூழல் மன்றங்கள் மூலமா இந்தப் பிரசாரத்தை வருஷா வருஷம் நடத்துச்சு. அவங்க சொன்ன காரணம் ரெண்டு. ஒண்ணு, புகை. இன்னொண்ணு, சிவகாசியில எங்க வயசுப் பிள்ளைங்க கையால செஞ்ச பட்டாசை நாங்க எப்படிக் கொளுத்தறது?

இந்த ரெண்டாவது கேள்வியை நான் மதிக்கறேன். ஏன்னா அது கற்பனை இல்ல.

1980கள்ல வந்த அறிக்கைகள், சிவகாசி வட்டாரத்துல தீப்பெட்டி, பட்டாசு வேலை செய்யற குழந்தைகள் சுமார் 45,000 பேர்னு சொல்லுது. 1983ல ஸ்மிது கோத்தாரி 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில இதைப் பத்தி விரிவா எழுதினார். விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆலை வண்டி கிராமத்துக்கு வந்துடும். தூங்கற பிள்ளைய எழுப்பி ஏத்தி விடுவாங்க. ராத்திரி இருட்டினப்புறம் கொண்டுவந்து இறக்கி விடுவாங்க. 1990ல சலம் பென்னூர்க்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'னு ஒரு ஆவணப்படமே எடுத்தார். சிவகாசியைப் பாராட்டறதுக்காகச் சொல்ற பேர் குட்டி ஜப்பான். அந்தப் பேரை அப்படியே திருப்பி வெச்சிருந்தார்.

1991 ஜூலையில சிவகாசி பக்கத்துல ஒரு பட்டாசு ஆலை வெடிச்சு 39 பேர் செத்துப்போனாங்க. செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாவே அதைக் கையில எடுத்துச்சு. 1996 டிசம்பர்ல, எம்.சி. மேத்தா வழக்குல தீர்ப்பு வந்தது. குழந்தையை வேலைக்கு வெச்ச முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்டணும். அந்தக் குடும்பத்துல பெரியவங்க ஒருத்தருக்கு ஏதாவது ஒரு வேலை கிடைக்க அரசு வழி பண்ணணும், முடியலைன்னா அரசு 5,000 ரூபாய் போடணும். இந்த ரெண்டாவது பகுதியைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கங்க. குழந்தையை வெளிய எடுத்தா வீட்டுல ஒரு வருமானம் குறையும்னு நீதிமன்றம் யோசிச்சிருக்கு.

இப்போ சிவகாசிப் பக்கத்துல இருந்து பார்ப்போம்.

இங்கே பட்டாசு ஆலைக்கு 'பயர் ஆபீஸ்'னு பேரு. "அம்மா எங்க வேலை பாக்குது?"ன்னு கேட்டா "பயர் ஆபீஸ்"ம்பான். சம்பளம் பெரும்பாலும் பீஸ் ரேட். எத்தனை உருப்படி செஞ்சீங்களோ அதுக்குத்தான் காசு. மழை பெய்ஞ்சா காய வைக்க முடியாது, வேலை இல்ல. தீபாவளி முடிஞ்சா கொஞ்ச நாளைக்கு ஆலை மூடி இருக்கும், அப்பவும் காசு இல்ல. சாயங்காலம் வேன்ல இருந்து இறங்கறவங்க சிலரோட கை, முகம் எல்லாம் வெள்ளி பூசின மாதிரி மினுங்கும். அலுமினியத் தூள். சின்ன வயசுல அது எனக்கு அழகாத்தான் தெரிஞ்சது.

இந்தியாவோட பட்டாசுல சுமார் 90 சதவீதம் இந்த வட்டாரத்துல இருந்துதான் போகுது. அப்போ தில்லியில ஒரு வகுப்பறை "வாங்க மாட்டோம்"னு சொன்னா, அது இங்கே ஒரு வீட்டுல ஃபீஸ் கட்டற தேதியைத் தள்ளிப் போடும். அந்த வீட்டுலயும் பதினாறு வயசுல ஒரு பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கும். அது வேலைக்குப் போகல. அம்மா போறதாலதான் அது போகல. "பட்டாசு வேண்டாம்"னு சொன்ன பசங்களுக்கு இந்தப் பொண்ணு இருக்கறதே தெரியாது. அவங்க மனசுல இருந்தது ஆலைக்குள்ள இருந்த குழந்தை மட்டும்தான். (ஒரு சின்ன விஷயம், அந்தப் பிரசாரத்துக்கு அடிச்ச போஸ்டர்ல ஒண்ணு ரெண்டு சிவகாசி அச்சகத்துலயே அடிச்சதா இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். எங்க ஊர்ல அதுவும் பெரிய தொழில்.)

பெரிய அடி வந்தது பசங்க பிரசாரத்தால இல்லங்கறதையும் சொல்லிடணும். 2015ல தில்லியில மூணு கைக்குழந்தைகள் பேர்ல, காத்து மாசைக் காரணம் காட்டி ஒரு வழக்கு போட்டாங்க. 2018 அக்டோபர் 23ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, ரெண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம். இங்கே பல ஆலைகள் மாசக்கணக்குல மூடிக் கிடந்தது. அப்புறம் நீரி ஆய்வு நிறுவனம், புகைத்துகள் 30 சதவீதம் குறைவா வர்ற கலவைகளைக் கொடுத்துச்சு. வேலை திரும்பவும் ஓட ஆரம்பிச்சது.

தில்லிக் காத்தைச் சுவாசிக்கற குழந்தைக்கும் நியாயம் உண்டு. அதை நான் மறுக்கல. ஆனா ஒரு பக்கத்துக் குழந்தைக்காகப் பேசும்போது இன்னொரு பக்கத்துக் குழந்தை என்ன ஆகும்னு கேக்கற பழக்கம் நம்மகிட்ட ரொம்பக் குறைவு. வங்கதேசத்துல இது வேற மாதிரி நடந்தது. 1990களோட தொடக்கத்துல, குழந்தைகள் தைச்ச துணியை இறக்குமதி பண்ணக்கூடாதுன்னு அமெரிக்காவுல செனட்டர் ஹார்க்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். மசோதா சட்டமாகறதுக்கு முன்னாடியே, பயந்துபோன ஆலை முதலாளிகள் சுமார் 50,000 குழந்தைகளை வெளிய அனுப்பிட்டதா யூனிசெஃப் கணக்கு சொல்லுது. அவங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கா போனாங்க? நிறைய பேர் கல் உடைக்கற மாதிரி இன்னும் மோசமான வேலைக்குப் போயிட்டாங்க. 1995ல முதலாளிகள் சங்கமும் யூனிசெஃபும் ஐ.எல்.ஓ.வும் சேர்ந்து, பள்ளிக்கூடமும் மாசாமாசம் ஒரு தொகையும் கொடுக்கற மாதிரி ஒப்பந்தம் போட்ட பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறுச்சு.

சிவகாசியிலயும் குழந்தைகளை ஆலையில இருந்து வெளிய கொண்டுவந்தது ஒரே ஒரு விஷயம் இல்ல. 1988ல ஆரம்பிச்ச தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதல்ல வந்த இடங்கள்ல இதுவும் ஒண்ணு. சிறப்புப் பள்ளி, மதியச் சாப்பாடு, உதவித்தொகை, அப்புறம் சாதாரணப் பள்ளிக்கு மாத்தறது. கூடவே ரெய்டு, வழக்கு, சத்துணவு, பஸ் பாஸ், சைக்கிள். 2016 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம், சில விதிவிலக்கு போக, 14 வயசுக்குக் கீழ எந்த வேலையும் கூடாது, 14ல இருந்து 18 வரைக்கும் பட்டாசு மாதிரி ஆபத்தான வேலை கூடாது. 2023ல ப்ளஸ் டூ தேர்ச்சியில மாநிலத்துலயே முதல் இடம் விருதுநகர், 97.85 சதவீதம். அதே மாவட்டம்தான் 2018ல மத்திய அரசோட 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியல்லயும் இருந்தது. ரெண்டும் உண்மை.

சரி, தில்லிப் பசங்களுக்குத் தெரியாது. பக்கத்துலயே இருக்கற எங்க பசங்களுக்குத் தெரியுமில்ல? தானா தெரிஞ்சுடாது.

என்.எஸ்.எஸ். தெரியும்ல? நாட்டு நலப்பணித் திட்டம். 1969ல காந்தி நூற்றாண்டு சமயத்துல கல்லூரிகளுக்காக ஆரம்பிச்சது, பின்னாடி ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கும் வந்துச்சு. வருஷத்துக்கு 120 மணி நேரம் வேலை, அது போக ஏழு நாள் சிறப்பு முகாம். எங்க பக்கத்துல முகாம்னாலே காலாண்டு லீவுதான். ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல தங்குவோம். சீமைக்கருவேல மரம் வெட்டறது, கோயில்ல உழவாரப்பணி, கண் சிகிச்சை முகாம், ஒரு நாள் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வருவார். சாயங்காலம் கலைநிகழ்ச்சி. இதோட கொள்கை வாசகம் 'நாட் மீ பட் யூ'. எனக்காக இல்ல, உனக்காக.

நான் போன முகாம்ல மூணாவது நாள் நிகழ்ச்சி நிரல்ல "காலை 10 மணி: குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு விழிப்புணர்வுப் பேரணி"ன்னு இருந்தது. அந்த ஊர்ல பாதி வீட்டு ஆளுங்க ஆறு, ஏழு மணிக்கெல்லாம் வேன் ஏறிடுவாங்க. பத்து மணிக்குத் தெருவுல இருந்தது திண்ணையில உக்காந்த ரெண்டு தாத்தா, கொஞ்சம் கோழி. எழுபது பேர் அவங்களைப் பார்த்து கோஷம் போட்டுக்கிட்டுப் போனோம். ஒரு தாத்தா நல்ல மனுஷன், கை தட்டினார்.

அன்னைக்கு மதியம் அந்த ஊர்ப் பொண்ணு ஒண்ணு வந்தது. வேற பள்ளிக்கூடம், டவுன்ல படிக்கற பொண்ணு, எங்க வயசுதான். லீவுக்கு வீட்டுல இருந்தது. "ஏன்ணே, பத்து மணிக்கு ஊர்ல யாரு இருப்பா?"ன்னு கேட்டுச்சு. அப்புறம் அதுவே சொல்லுச்சு: ஆறரை மணிக்கு வேன் வந்து நிக்கும், ஆனா இறங்கின உடனே பேசாதீங்க, எல்லாரும் தண்ணி பிடிக்க ஓடுவாங்க. ஏழரைக்கு மேல வாங்க. கோஷம் வேண்டாம். ரேஷன் கார்டுல பேர் திருத்தணும், பேங்க் பாரம் எழுதணும், புள்ளைங்க ஸ்காலர்ஷிப் பாரம் எழுதணும்னு நிறைய பேர் இருக்காங்க. எழுதத் தெரிஞ்சவங்க வந்தாப் போதும்.

எங்க சார் அந்தப் பொண்ணு சொன்னதை அப்படியே கேட்டார். அதுக்கு அவருக்குப் பெரிய மனசு வேணும், ஏன்னா நிகழ்ச்சி நிரல் ஏற்கெனவே டைப் அடிச்சு மேல அனுப்பியாச்சு. மிச்சம் இருந்த நாலு ராத்திரியும் தெருவிளக்குக் கீழ உக்காந்து பாரம் எழுதினோம். யார் வீட்டுக்கு முதல்ல போகணும், யார் கூச்சப்பட்டு வரமாட்டாங்க, யார்கிட்ட பையனோட படிப்பு பத்திக் கேக்கக்கூடாது, எல்லாம் அந்தப் பொண்ணுதான் சொல்லிக்கிட்டே வந்துச்சு. பாரம் எழுத உக்காந்தப்போதான் ஜனங்க பேசினாங்க. பெரியவளை எட்டாவதோட நிறுத்தினது, சின்னவனை எப்படியும் பாலிடெக்னிக் சேர்க்கணும்கறது. பேரணியில ஒருத்தர்கூட எங்ககிட்ட இதெல்லாம் சொல்லல.

தலைமைங்கற வார்த்தையைக் கேட்டா எனக்கு இன்னும் அந்தப் பொண்ணு ஞாபகம்தான். மைக் பிடிக்கல. எந்தப் பள்ளியோட யூனிஃபார்ம்லயும் வரல. நேரம் என்னன்னு மட்டும் திருத்துச்சு.

இதையே பெரிய அளவுல செஞ்சு காட்டினது 1990களோட அறிவொளி இயக்கம். புதுக்கோட்டையில 1991ல ஆரம்பிச்சப்போ ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அன்னைக்குக் காமராஜர் மாவட்டம்னு பேர் இருந்த எங்க மாவட்டத்துலயும் அறிவொளி நடந்தது. பாடம் சொல்லிக் கொடுத்தவங்கள்ல நிறைய பேர் பள்ளியை அப்பத்தான் முடிச்ச பொண்ணுங்க, பசங்க. வகுப்பு எப்போ? ராத்திரி, வேலை முடிஞ்சு, சமையல் முடிஞ்ச பிறகு. எங்க? தெருவிளக்குக் கீழ, கோயில் வாசல்ல. புதுக்கோட்டையில கல் குவாரிப் பெண்களுக்கு எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. வகுப்புக்கு வரவும் வேலைக்குப் போகவும் அதுதான் தேவைப்பட்டது. பி. சாய்நாத் இதைப் பத்தி எழுதினது பள்ளிப் பாடமாவே வந்திருக்கு. சைக்கிள் எந்த எழுத்தறிவுத் திட்டத்தோட பட்டியல்லயும் முதல்ல இருந்திருக்காது. தேவையைப் பார்த்து வந்தது.

அடுத்து, கொடுக்கறதைப் பத்திக் கொஞ்சம். விருதுநகர்ல 'பிடி அரிசி'ன்னு ஒரு பழைய முறை உண்டு. ஒவ்வொரு வீட்டுலயும் உலை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு பிடி அரிசியைத் தனியா ஒரு பானையில போட்டு வெப்பாங்க. அதைச் சேகரிச்சு வித்து, அந்தக் காசுல பள்ளிக்கூடம் நடத்தினாங்க. 1889ல வந்த சத்திரிய வித்தியாசாலை அப்படி ஊர்க்காசுல வளர்ந்த பள்ளி. காமராஜர் படிச்சது அங்கேதான். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, யார் போட்ட அரிசியில யார் படிச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. நன்றி சொல்ல ஆள் இல்ல. அதனால கையேந்தறவரும் இல்ல.

இதை இன்னைக்கு நம்ம ரீல்ஸோட வெச்சுப் பாருங்க. தீபாவளிக்கு முன்னாடி ஒரு குரூப் போகும், ஆஸ்பத்திரியில தீக்காயத்தோட படுத்திருக்கறவங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கும், பாக்ஸைப் பாதி கொடுத்த நிலையிலயே கேமராவைப் பார்க்கும். கொடுத்தவங்களோட மனசு நல்லதாவே இருக்கலாம். ஆனா கட்டுப் போட்ட முகம் அந்த வீடியோவுல இருக்கணுமான்னு அந்த மனுஷர்கிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அவர் பொண்ணு ஒன்பதாவது படிக்கும். அந்த வீடியோ அவ வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புக்கும் வரும். ப்ராஜெக்ட்டுக்கு ஆதாரம் வேணும்னா, காலியான அட்டைப்பெட்டிகளைப் படம் எடுங்க. நான் சீரியஸாத்தான் சொல்றேன்.

கடைசியா, இந்த வட்டாரத்துல எல்லாப் பள்ளிப் பசங்களும் ஒண்ணா உக்காந்து கத்துக்கணும்னு நான் நினைக்கற ஒரு விஷயம். இங்கே உயிர் போறது, நல்ல மனசு அதிகமா இருந்ததாலயும் நடந்திருக்கு. 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கத்துல முதலிப்பட்டி. ஆலையில வெடிச் சத்தம் கேட்டதும் சுத்துப்பட்டு ஜனங்க ஓடினாங்க. சிலர் பார்க்க, நிறைய பேர் காப்பாத்த. அதுக்கப்புறம்தான் பெரிய வெடிப்பு. செத்துப்போன ஏறக்குறைய நாப்பது பேர்ல பலர் அந்த ஆலையில வேலை பாத்தவங்களே இல்ல. ஓடி வந்தவங்க.

பட்டாசு ஆலையில முதல் வெடி கடைசி வெடியா இருக்கறது அபூர்வம். ஒரு ஷெட்டோட சூடும் தீப்பொறியும் அடுத்த ஷெட்ல இருக்கற மருந்தைப் பிடிக்கும். சில உலோகத்தூள் கலவையில தண்ணி ஊத்தினா இன்னும் மோசமாகும். அதனால கிட்டப் போகக்கூடாது, மத்தவங்களையும் போக விடக்கூடாது. ரோட்டை மறிச்சுக்கிட்டு நிக்காம ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி விடணும். பதினஞ்சு வயசுப் பையனால அந்த நிமிஷத்துல செய்ய முடியற பெரிய வேலை, தன் சித்தப்பாவோட கையைப் பிடிச்சு நிறுத்தறதுதான். கேக்கறதுக்குச் சாதாரணமா இருக்கும். உள்ள நம்ம ஆள் இருக்கும்போது அப்படி நிறுத்தறதுக்கு, முன்னாடியே பத்துத் தடவை பேசிப் பழகியிருக்கணும்.

தீக்காயம் பட்டவர் வெளிய வந்துட்டா: துணியில தீ இருந்தா தரையில படுக்க வெச்சு உருட்டணும். அப்புறம் இருபது நிமிஷம் ஓடற சாதாரணத் தண்ணி. ஐஸ் கூடாது. பேஸ்ட், இங்க், மாவு, முட்டை எதையும் தடவக்கூடாது, டாக்டர் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், வலி இரட்டிப்பாகும். வளையல், மோதிரம், கொலுசை வீக்கம் வர்றதுக்கு முன்னாடி கழட்டிடணும். தோலோட ஒட்டின துணியைப் பிச்சு இழுக்கக்கூடாது. சுத்தமான துணியால தளர்வா மூடி, 108க்குக் கூப்பிடணும். ஜே.ஆர்.சி., சாரணர், என்.எஸ்.எஸ். எந்த அமைப்பா இருந்தாலும் ஒரு மத்தியானத்துல இதைச் சொல்லிக் கொடுத்துடலாம். சாயங்காலம் வேன் வர்ற நேரத்துக்கு அப்புறம், ஊர்ப் பெரியவங்களுக்குப் பசங்களே திருப்பிச் சொல்லிக் கொடுக்கலாம்.

விபத்து நடந்து ஒரு மாசம் கழிச்சு டி.வி. வண்டி எல்லாம் போயிருக்கும். அப்பா இல்லாத ஒரு பையன் திரும்ப வகுப்புக்கு வந்து உக்காந்திருப்பான். 2024 நவம்பர்ல விருதுநகர்ல முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பட்டாசு விபத்துல இறந்தவங்க பிள்ளைங்களோட படிப்புச் செலவை உயர்கல்வி வரைக்கும் அரசே ஏத்துக்கும்னு அறிவிச்சார், முதல்கட்டமா 5 கோடி ரூபாய். ஆனா அதுக்கு விண்ணப்பம் எழுதணும், சான்றிதழ் வாங்கணும், தாலுகா ஆபீசுக்கு நாலு நடை போகணும். வீட்டுல படிச்சவங்க யாரும் இல்லைன்னா, அந்த வேலையை அவன்கூடப் போய்ச் செய்யறது யாரு? அவன் பெஞ்சுல உக்கார்றவன் செய்யலாம். பக்கத்துத் தெருவுல, வேற பள்ளிக்கூடத்துல படிக்கற பொண்ணு செய்யலாம். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கங்க: "நான் கூட வரட்டுமா?" வேண்டாம்னு சொன்னா, விட்டுட்டு, அடுத்த வாரம் இன்னொரு தடவை கேளுங்க.